தீவுச் சுண்ணாம்புக்கல்லின் வயதைக் கணிக்க எந்த வழியில் பணத்தைப் போடுவது?

ஒரு தீவின் கடலோரப் பாறைமுகத்திலிருந்து சுண்ணாம்புக்கல் மாதிரிகள் எடுத்து வந்தாயிற்று. அடுத்து அவற்றின் வயது தெரிய வேண்டும். கையில் இருப்பதோ ஒரு சின்ன ஆய்வுத் திட்டத்துக்கான பணம்தான். பாறை வகையை வைத்தே சொல்லிவிடலாமா? ஃபோராமினிஃபெரா என்னும் ஒற்றைச் செல் கடல் உயிரிகளின் ஓடுகளில் பெரியவற்றைத் தேடலாமா, கடலில் மிதந்து வாழ்ந்த மிதவை ஃபோராமினிஃபெராவா, அதையும்விடச் சிறிய நானோ புதைபடிவங்களா? இல்லை, ஸ்ட்ரான்சியம் என்ற தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை, அதாவது ஐசோடோப்புகளை அளக்க நேரே அனுப்பிவிடலாமா? புவியியல் முதுகலை முடித்து ஆய்வில் இறங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது.

கேட்பவர்களில் பலர் மனத்துக்குள் ஏற்கெனவே ஐசோடோப்பைத் தேர்ந்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். காரணம் புரிகிறது. விடை ஓர் எண்ணாக வரும், பின்னம் போட்டு வரும், கட்டுரையில் பார்க்க நன்றாக இருக்கும். என் பதில் வேறு. முதல் செலவு கல்லை அறுப்பதற்கு. எந்த முறை அந்தக் கல்லில் பலிக்கும் என்பதைக் கல்லின் வகைதான் தீர்மானிக்கிறது. அதைப் பார்க்காமல் முறையைத் தேர்ந்தெடுத்தால், பணம் போன பிறகு கையில் இருப்பது எதையும் குறிக்காத எண்ணாக இருக்கலாம்.

மற்ற முறைகள் இங்கே ஏன் உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரேடியோ கார்பன் சுமார் 50,000 ஆண்டுகளுக்கு மேல் போகாது. இங்கே பேசுவதோ கோடி ஆண்டுக் கணக்கு. எரிமலைச் சாம்பல் இடையில் படிந்திருந்தால் அதை நேரடியாகக் கணிக்கலாம். ஆனால் பெரும்பாலான சுண்ணாம்புக்கல் தீவுகளில் அந்த அதிர்ஷ்டம் கிடைப்பதில்லை. ஆகவே சுற்றிச் சுற்றி மேலே சொன்ன ஐந்து வழிகள்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க மால்ட்டாவை எடுத்துக்கொள்கிறேன். சிசிலிக்குத் தெற்கே, மத்தியதரைக் கடலின் நடுவே கிடக்கும் சின்னத் தீவுக்கூட்டம். ஆழமில்லாத கடலில் உருவான கெட்டிக் கல்லும், ஆழக் கடலில் படிந்த மென்கல்லும் அங்கே ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. ஐந்து முறைகளும் எங்கே ஜெயிக்கின்றன, எங்கே தோற்கின்றன என்பதை அந்த ஒரே இடத்தில் பார்த்துவிடலாம்.

அடியிலிருந்து மேலாகச் சொன்னால், முதலில் கீழ்க் கோரலைன் சுண்ணாம்புக்கல். சுண்ணாம்பைத் தன் உடலில் படியவைக்கும் சிவப்புப் பாசிகள் பெரும்பங்கு வகித்த கெட்டியான வெளிர்நிறக் கல். அந்தக் கூட்டத்தில் ஒன்றான கோசோ தீவின் த்வெய்ராவில் 2017 மார்ச்சில் புயலில் இடிந்து விழுந்த புகழ்பெற்ற கல் வளைவு இந்தக் கல்தான். அதற்கு மேல் குளோபிஜெரினா சுண்ணாம்புக்கல். மஞ்சள் நிறம், மென்மை, ரம்பத்தால் அறுக்கலாம். மால்ட்டாக்காரர்கள் ஃப்ராங்கா என்று அழைத்து வீடு கட்டுவது இதில்தான். இடத்துக்கு இடம் இதன் தடிமன் சுமார் 20 மீட்டரிலிருந்து 200 மீட்டருக்கு மேல்வரை மாறும். அப்புறம் நீலக் களிமண். அதன் மேல் கிளாக்கோனைட் என்ற பச்சைக் கனிமம் கலந்த பசுமணல். பல இடங்களில் இது ஒரு மீட்டர்கூட இராது. உச்சியில் மேல்க் கோரலைன் சுண்ணாம்புக்கல், மறுபடி கெட்டிக் கல்.

பாறை வகை மட்டும் போதுமா?

செலவில்லாத வழி இது. சுத்தியல், கைலென்ஸ், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஒரு நோட்டுப் புத்தகம். கீழே உள்ளது பழையது, மேலே உள்ளது புதியது என்ற விதியை நிக்கோலஸ் ஸ்டெனோ 1669-இல் எழுதிவைத்தார். அவரை அந்தப் பாதையில் திருப்பியவற்றில் மால்ட்டாவிலிருந்து ஐரோப்பா முழுக்கப் போய்க்கொண்டிருந்த 'நாக்குக் கற்களும்' உண்டு. 1666-இல் ஒரு சுறாவின் தலையை அறுத்துப் பார்த்தவர், அந்தக் கற்கள் பழங்காலச் சுறாக்களின் பற்களே என்று கண்டுகொண்டார். இன்றும் குளோபிஜெரினா கல்லுக்குள் இருக்கும் பாஸ்பேட் கூழாங்கல் அடுக்குகளில் அந்தப் பற்கள் கிடைக்கின்றன.

பாறை வகை தருவது வரிசை. வயதை அது தராது. இதை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் தீவுகளில் இந்த இடத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். மால்ட்டாவின் கீழ்க் கோரலைன் கல்லையும் மேல்க் கோரலைன் கல்லையும் கையளவுத் துண்டாக உடைத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் வெளிர்நிறம், இரண்டிலும் பாசி உருண்டைகள், இரண்டும் மழையில் அரித்துப் பொந்து விழுந்தவை. பழகாத கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் கீழது ஒலிகோசீனின் கடைசிப் பகுதியான சாட்டியன் காலத்தது, 2.3 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. மேலது ஒலிகோசீனுக்கு அடுத்து வந்த மயோசீனின் பிற்பகுதி, டோர்டோனியன், மெசினியன் காலங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடி ஆண்டுக்கு மேல் இடைவெளி. ஒரே மாதிரியான கடல் திரும்ப வந்தால் ஒரே மாதிரியான கல் திரும்பப் படிகிறது.

சரி, நடுவில் களிமண் இருக்கிறதே, அதற்கு மேலா கீழா என்று பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். தடையில்லாத பாறைமுகத்தில் போதும். ஆனால் மால்ட்டாவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு பெரிய பிளவுகள் ஓடுகின்றன. விக்டோரியா கோட்டைவரிசை கட்டப்பட்ட பிளவு அவற்றில் பெரியது. அதன் வடபுறம் கீழே இறங்கியிருப்பதால், ஒரே உயரத்தில் இந்தப் பக்கம் ஒரு கல்லும் அந்தப் பக்கம் இன்னொரு கல்லும் நிற்கும். இது போதாதென்று நீலக் களிமண் நனைந்தால் வழுக்கும். அதன்மேல் உட்கார்ந்திருக்கும் மேல்க் கோரலைன் பாறைகள் உடைந்து சரிவில் உருண்டு கடற்கரைவரை வந்துவிடுகின்றன. அலை அடிக்கும் இடத்தில் அசையாமல் கிடக்கும் வீடளவுப் பாறையைப் பார்த்து, அடியில் இருப்பதால் இது பழையது என்று எழுதினால் ஒரு கோடி ஆண்டு தவறிவிடும்.

இவ்வளவு சொன்னாலும் பாறை வகையை ஒதுக்கவே முடியாது. எந்தக் கடலில் படிந்தது, எவ்வளவு ஆழம், அலை மோதிய இடமா, அமைதியான இடமா என்பதை அதுதான் சொல்கிறது. எந்த உயிரியைத் தேட வேண்டும் என்பது அந்தத் தகவலிலிருந்துதான் கிடைக்கிறது. பாஸ்பேட் கூழாங்கல் அடுக்கைக் கண்டால் அங்கே படிவு நின்றுபோயிருக்கிறது, பழைய உயிரிகளும் புதிய உயிரிகளும் கலந்து கிடக்கும் என்று எச்சரிப்பதும் அதுதான். அப்படிப்பட்ட அடுக்கிலிருந்து வயது மாதிரி எடுக்காதீர்கள். மேலேயும் கீழேயும் எடுங்கள்.

பெரிய ஃபோராம்: கெட்டிக் கல்லுக்கு முதல் தேர்வு

ஃபோராமினிஃபெரா ஒற்றைச் செல் உயிரி. ஆய்வுக்கூடத்தில் சுருக்கமாக ஃபோராம் என்றுதான் சொல்வோம். பெரும்பாலானவை மணலளவு. ஆனால் ஒளி எட்டும் ஆழம் குறைந்த வெப்பக் கடலில், தன் ஓட்டுக்குள் பாசியை வளர்த்துக்கொண்டு வாழும் சில வகைகள் பருப்பளவு முதல் ரூபாய் நாணயம் அளவுக்கும் வளரும். இவைதான் பெரிய ஃபோராம்கள். சுண்ணாம்புக்கல் தீவுகளின் பெரும்பகுதி இத்தகைய கடலில்தான் உருவானது என்பதால், பல தீவுகளில் கல்லே இவற்றின் குவியலாக இருக்கும்.

கெட்டிக் கல்லிலிருந்து இவற்றைப் பிரித்து எடுக்க முடியாது. கல்லை வைர ரம்பத்தில் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, கார்பரண்டம் பொடியில் தேய்த்துத் தேய்த்து 0.03 மில்லிமீட்டர் அளவுக்கு மெலிதாக்கினால் தின் செக்‌ஷன் தயார். நுண்ணோக்கியில் ஒளி ஊடுருவும். அறைகளின் வரிசை, சுவரின் அமைப்பு எல்லாம் தெரியும். மென்மையான அடுக்கிலிருந்து தனித்தனியாக உயிரிகள் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒவ்வொன்றையும் விரல் நுனியால் அழுத்தி, கண்ணாடியில் வட்டமாகத் தேய்க்க வேண்டும். நடுவில் உள்ள முதல் அறை வெட்டுப்படும் கணத்தில் நிறுத்த வேண்டும். கொஞ்சம் அதிகமாகத் தேய்த்தாலும் அந்த அறை பொடியாகப் போய்விடும். பொறுமையும் பழக்கமும் கேட்கும் வேலை. மலிவு என்று சொல்வது பணத்தில்தான், நேரத்தில் இல்லை.

அந்த முதல் அறைக்கு ஏன் இவ்வளவு மரியாதை? லெபிடோசைக்ளினா குடும்பத்தைப் பாருங்கள். முதல் அறையை இரண்டாவது அறை அணைத்துக்கொண்டிருக்கும். யூலெபிடினாவில் கிட்டத்தட்ட முழுவதும் சூழ்ந்திருக்கும், நெஃப்ரோலெபிடினாவில் சிறுநீரக வடிவில் ஒரு பக்கம் மட்டும். நெஃப்ரோலெபிடினாவில் காலம் போகப் போக அந்த அணைப்பு அதிகமாகிக்கொண்டே வருகிறது. ஆகவே பல உயிரிகளில் அளந்து சராசரி எடுத்தால், அது காலத்தின் அளவாகவே ஆகிறது. மயோஜிப்சினா குடும்பத்தில் இதற்கு எதிர்த் திசை. முதல் அறையைச் சுற்றிச் சுருளாக ஓடும் அறைகளின் எண்ணிக்கை காலத்தோடு குறைகிறது. மயோஜிப்சினாய்டஸ் காம்ப்ளனேட்டஸ் இனத்தில் அது 17-க்கும் மேல். அதன் பின்வந்த இனங்களில் படிப்படியாகக் குறையும். டச்சு ஆட்சியில் இருந்த ஜாவாவில் பணியாற்றிய டான் சின் ஹோக் 1930-களில் இந்தப் போக்கை விரிவாக எடுத்துக்காட்டினார். அதே மனிதர்தான் 1927-இல் டிஸ்கோஆஸ்டர் என்ற நட்சத்திர வடிவ நானோ புதைபடிவத்துக்கும் பெயர் வைத்தவர். இந்தக் கட்டுரையில் ஒப்பிடும் ஐந்து வழிகளில் இரண்டுக்கு அடிக்கல் நாட்டியவர் என்றே நான் அவரை மதிக்கிறேன்.

மால்ட்டாக் கேள்விக்கு வருவோம். கீழ்க் கோரலைன் கல்லின் தின் செக்‌ஷனில் யூலெபிடினா கிடைக்கிறது. மேல்க் கோரலைன் படிந்த காலத்தில் அந்த இனம் பூமியிலேயே இல்லை. அவ்வளவுதான், கடற்கரையில் கிடக்கும் பாறை எது என்ற கேள்வி ஒரு நல்ல தின் செக்‌ஷனில் தீர்ந்துவிடுகிறது.

இந்த முறையின் நம்பகத்தன்மைக்குப் பெரிய சாட்சி பசிபிக்கில் இருக்கிறது. 1952-இல் எனிவெடோக் பவளத்தீவில் 1,200 மீட்டருக்கும் ஆழமான துளைகள் போட்டார்கள். அடியில் எரிமலைப் பாறையைத் தொட்டது துரப்பணம். அதற்குச் சற்று மேலே இருந்த ஆழமற்ற கடல் சுண்ணாம்புக்கல்லில் கிடைத்த பெரிய ஃபோராம்கள் ஒலிகோசீனுக்கும் முந்தைய இயோசீன் காலத்தவை. எரிமலைத் தீவு மெல்ல அமிழ, பவளம் மேல்நோக்கி வளர்ந்தது என்ற டார்வினின் கருத்து அங்கே உறுதியானது. அதற்கும் முன்பே, 1927-இல், வான் டெர் வ்லெர்க், உம்குரோவ் இருவரும் இந்தோனேசியத் தீவுகளின் சுண்ணாம்புக்கற்களைப் பெரிய ஃபோராம்களை வைத்தே எழுத்து வரிசையில் காலப்பிரிவுகளாகப் பிரித்துவிட்டார்கள். திருத்தங்களோடு அது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

குறைகளும் உண்டு. ஒரு பிரிவு பல லட்சம் ஆண்டுகள், சில சமயம் 20, 30 லட்சம் ஆண்டுகள் அகலமாக இருக்கும். அதைவிட நுணுக்கமாக வேண்டுமென்றால் இது போதாது. அப்புறம், வட்டாரம் மாறினால் கணக்கு மாறும். மத்தியதரைக் கடலில் லெபிடோசைக்ளினாக்கள் அழிந்த பின்பும் இந்தோ-பசிபிக்கில் நெடுங்காலம் வாழ்ந்தன. ஐரோப்பாவுக்கு எழுதிய அட்டவணையை அப்படியே இந்தியப் பெருங்கடலுக்குப் போடக் கூடாது. ஒரு உயிரி இல்லை என்பதை வைத்து முடிவு செய்வதும் ஆபத்து. அந்த இடத்தின் ஆழம் அதற்குப் பிடிக்காமல் போயிருக்கலாம்.

மிதவை ஃபோராமும் நானோவும்: மென்கல் கிடைத்தால் விடாதீர்கள்

மிதவை ஃபோராம்கள் திறந்த கடலின் மேற்பரப்பில் மிதந்து வாழ்ந்து, செத்து அடியில் விழுபவை. பெருங்கடல் முழுக்கப் பரவுவதால் ஓர் இனம் தோன்றியதும் மறைந்ததும் பல கடல்களில் ஏறத்தாழ ஒரே காலத்தில் பதிவாகிறது. இதுதான் இவற்றின் பலம். நீலக் களிமண்ணைக் காயவைத்து, நீர்த்த ஹைட்ரஜன் பெராக்ஸைடில் ஊறவைத்து, 63 மைக்ரான் சல்லடையில் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அலசினால் களிமண் கரைந்து போய், மாவுபோல் ஃபோராம்கள் தங்கும். கறுப்புத் தட்டில் பரப்பி, நனைத்த மெல்லிய தூரிகை நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கலாம். நடுநடுவே கண்ணாடிக் குண்டு மாதிரி முழு உருண்டையாக ஒன்று தென்படும். அது ஆர்புலினா. கடைசி அறை வளர்ந்து பழைய அறைகள் அத்தனையையும் விழுங்கிவிட்ட வடிவம். சுமார் 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியது. அதைக் கண்டால், இந்த அடுக்கு அதைவிடப் பழையதாக இருக்க முடியாது என்று அங்கேயே எழுதிக்கொள்ளலாம்.

ஒரு மாதிரியை அலசிய சல்லடையைக் கழுவியபின் மெத்திலீன் ப்ளூவில் முக்கி எடுப்பது இந்த வேலையில் பழைய வழக்கம். கண்ணியில் ஒட்டிக்கொண்ட ஃபோராம் நீலமாகிவிடும். அடுத்த மாதிரியில் நீலமாக ஏதாவது வந்தால் அது முந்தையதன் மிச்சம் என்று தள்ளிவிடலாம். இதைச் செய்யாத ஆய்வுக்கூடத்தின் முடிவுகளை நான் தயக்கத்தோடுதான் படிப்பேன்.

கெட்டிக் கோரலைன் கல்லில் இந்த முறை எடுபடாது. ஆழமற்ற இடத்தில் மிதவை உயிரிகள் குறைவு. இருப்பவையும் தின் செக்‌ஷனில் தாறுமாறாக வெட்டுப்பட்டுத் தெரியும். இனத்தைப் பிரித்துச் சொல்ல ஓட்டின் வாயும் மேற்பரப்பும் தெரிய வேண்டும், வெட்டுமுகத்தில் அது கிடைக்காது. அனுபவசாலிகள்கூட இங்கே பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்வார்கள்.

நானோ புதைபடிவங்கள் இதைவிடச் சிக்கனம். சில மைக்ரான் அளவே உள்ள, மிதவைப் பாசிகளின் சுண்ணாம்புத் தகடுகள் இவை. பல்குத்தும் குச்சி நுனியால் கல்லைச் சுரண்டினால் வரும் தூள் போதும். கவர் கிளாஸில் ஒரு சொட்டுத் தண்ணீரில் குழைத்து, இழுத்துப் பூசி, சூடான தகட்டில் காயவைத்து ஒட்டிவிட்டால் ஸ்லைடு தயார். ஒரே காலையில் ஒரு முழுப் பாறைமுகத்துக்கான ஸ்லைடுகளைச் செய்துவிடலாம். ஆனால் பார்க்க ஆயிரம் மடங்கு பெருக்கும் எண்ணெய் லென்ஸும் போலரைசரும் வேண்டும். இரண்டு போலரைசருக்கும் நடுவே சில வகைகள் பளீரென்று ஒளிரும், டிஸ்கோஆஸ்டர் பெரும்பாலும் இருண்டே கிடக்கும். ஆகவே மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். நானோ புதைபடிவங்களை வைத்து எர்லண்ட் மார்ட்டினி 1971-இல் வகுத்த என்.பி., என்.என். என்ற எண்ணிட்ட காலப்பிரிவுகள்தான் இன்றும் பொது மொழி. ஒவ்வொரு மாதிரிக்கும் புதுக் குச்சி எடுக்க மறக்காதீர்கள்.

இதற்கு எதிரி மறுபடிகமாதல். கல்லுக்குள் தண்ணீர் புகுந்து சுண்ணாம்பு கரைந்து திரும்பப் படிகமானால், இந்தச் சின்னத் தகடுகள்தான் முதலில் அடையாளம் இழக்கும். இன்னொரு எதிரி கலப்பு. பழைய அடுக்கு அரிக்கப்பட்டுப் புதிய சேற்றில் விழுந்தால், இவ்வளவு சின்னப் பொருள்கள் சேதமில்லாமல் வந்து கலந்துவிடும். அதனால் நானோவில் ஒற்றைத் தகட்டை நம்பி வயது எழுதக் கூடாது, கூட்டத்தைப் பார்க்க வேண்டும்.

மால்ட்டாவின் மேற்குக் கரையில், ஃபொம் இர்-ரீஹ் விரிகுடாவை ஒட்டி ராஸ் இல்-பெல்லெக்ரின் என்று ஒரு முனை இருக்கிறது. குளோபிஜெரினா கல் முடிந்து நீலக் களிமண் தொடங்கும் கோடு அங்கே வெட்டவெளியில் தெரிகிறது. வெளிர் மஞ்சள், சட்டென்று சாம்பல் நீலம். அந்தக் கோட்டைத்தான் மயோசீனின் ஒரு பிரிவான செராவாலியன் காலத்தின் தொடக்கமாக உலகம் முழுமைக்கும் 2007-இல் ஏற்றுக்கொண்டார்கள். வயது 1.382 கோடி ஆண்டுகள். அண்டார்க்டிக் பனி பெருகி உலகம் குளிர்ந்ததைக் காட்டும் ஆக்சிஜன் ஐசோடோப் மாற்றம் அங்கே பதிவாகியிருக்கிறது. நானோ புதைபடிவமான ஸ்பீனோலித்தஸ் ஹெட்டரோமார்ஃபஸ் ஏராளமாக இருந்து அருகிப்போவதும் அந்தக் கோட்டுக்கு அருகில்தான். அடுக்குகளின் தாளத்தைப் பூமியின் சுற்றுப்பாதை மாற்றங்களோடு பொருத்தித்தான் எண்ணைக் கணக்கிட்டார்கள். பாறை வகையும், உயிரியும், ஐசோடோப்பும் ஒரே இடத்தில் ஒத்துப்போகும்போது எவ்வளவு துல்லியம் கிடைக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாறைமுகத்தை என்னால் சொல்ல முடியாது. ஆனால் இது அந்த மென்கல் பகுதிக்குத்தான். மேலும் கீழும் உள்ள கோரலைன் கற்களுக்கு இந்தத் துல்லியம் எட்டவில்லை.

ஸ்ட்ரான்சியம்: எப்போது, எதில்?

கடல்நீரில் ஸ்ட்ரான்சியம்-87க்கும் ஸ்ட்ரான்சியம்-86க்கும் உள்ள விகிதம் எந்தக் காலத்திலும் உலகக் கடல் முழுதும் ஒன்றாகவே இருந்திருக்கிறது, காலத்தோடு மாறியும் வந்திருக்கிறது. சுமார் 4 கோடி ஆண்டுகளுக்கு முன் 0.7077 அளவில் இருந்தது இன்று 0.7092. சிப்பி தன் ஓட்டைக் கட்டும்போது அன்றைய விகிதத்தை அப்படியே வாங்கிக்கொள்கிறது. ஓட்டை அளந்து, உலக வரைகோட்டில் வைத்தால் வயது. ஒலிகோசீன் தொடங்கி மயோசீனின் நடுப்பகுதிவரை வரைகோடு செங்குத்தாக ஏறுகிறது, அங்கே சில லட்சம் ஆண்டுத் துல்லியம் கிடைக்கும். சுமார் 1.5 கோடி ஆண்டுகளுக்குப் பிறகு ஏற்றம் மட்டுப்படுகிறது. அங்கே சின்ன அளவீட்டுப் பிழையும் வயதில் பெரிதாகத் தெரியும். ஆக மால்ட்டாவின் கீழ்க் கோரலைனுக்கு இது பொருந்தும், மேல்க் கோரலைனுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. மாதிரியை அனுப்புமுன் இந்த ஒரு விஷயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கல் எந்தக் காலத்தது என்று தோராயமாகவாவது தெரியாமல் இதைப் பார்க்க முடியாது. அந்தத் தோராயத்தைத் தருவது புதைபடிவம்தான்.

இதைவிட முக்கியம், எதை அளக்கிறீர்கள் என்பது. கல்லை மொத்தமாகப் பொடித்து அனுப்புவதைப் போல வீண்செலவு வேறில்லை. தீவுக் கல் கடல்மட்டம் தாழ்ந்தபோதெல்லாம் வெளியே நின்று மழை வாங்கியிருக்கிறது. சுண்ணாம்பின் ஒரு படிக வடிவமான அராகனைட் கரைந்து இன்னொரு வடிவமான கால்சைட்டாக மாறியிருக்கும், இடுக்குகளில் புதுச் சுண்ணாம்பு படிந்திருக்கும். மொத்தப் பொடியில் இவை எல்லாம் கலந்து வரும். தடித்த சிப்பி, பெக்டன் வகைக் கிளிஞ்சல், பிராக்கியோபாட் போன்றவற்றின் ஓடுகள் ஆரம்பத்திலேயே மக்னீசியம் குறைந்த கால்சைட்டால் ஆனவை. அவைதான் தாங்கி நிற்கும். அவற்றையும் மாங்கனீசு, இரும்பு அளவு பார்த்து, சேதமில்லை என்று தெரிந்த பிறகே அனுப்ப வேண்டும். மக்னீசியம் ஏறி டோலமைட் என்ற கனிமமாகிவிட்ட கல்லிலோ கிடைப்பது பெரும்பாலும் டோலமைட் ஆன காலம், கல் படிந்த காலம் இல்லை. ஒகினாவாவுக்குக் கிழக்கே உள்ள கிட்டா-டைட்டோ தீவில் 1930-களில் 431 மீட்டர்வரை துளையிட்டு எடுத்த கல்லின் மேற்பகுதி டோலமைட்தான். பிற்காலத்தில் அங்கே ஸ்ட்ரான்சியத்தைப் பார்த்தவர்களுக்கு டோலமைட் எப்போது உருவானது என்பதே ஒரு முக்கியக் கேள்வியாக இருந்தது. அந்தக் கேள்வியே உங்கள் கேள்வியாக இருந்தால் நல்லது. வயதுதான் வேண்டுமென்றால், வேறு வழி தேடுங்கள்.

யாழ்ப்பாணத்துக் கல்லை யாராவது கொண்டுவந்தால்

நம் பக்கத்துக்கு வருவோம். யாழ்ப்பாணக் குடாநாடும் அதைச் சூழ்ந்த தீவுகளும் மயோசீன் சுண்ணாம்புக்கல்லின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. அங்கத்திய கிணற்று நீரின் பெரும்பகுதி அந்தக் கல்லின் பொந்துகளில் தேங்குவதுதான். 1923-இல் வேலண்ட், டேவிஸ் இருவரும் இலங்கையின் மயோசீன் அடுக்குகளை விவரித்தபோது, அங்கே கிடைத்த ஒரு பெரிய ஃபோராம் முக்கிய ஆதாரமாக இருந்தது. இன்று அதற்கு சூடோடபெரினா மலபாரிகா என்று பெயர். பெயரே சொல்வதுபோல, 1853-இல் கார்ட்டர் அதை முதலில் விவரித்தது கேரளக் கரையின் மாதிரியிலிருந்து. கொல்லத்துச் சுண்ணாம்புக்கல்லில் அது இன்றும் கிடைக்கும். கொல்லத்தில் கல்லோடு களிமண் அடுக்குகளும் சேர்ந்திருப்பதால் நானோ புதைபடிவங்களைக் கொண்டு சரிபார்க்க முடிந்தது. விடை பர்டிகாலியன், அதாவது சுமார் 2 கோடி முதல் 1.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலம்.

யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக ஒரு தொகுதிக் கல் வந்தால் நான் இப்படித்தான் செய்வேன். முதலில் எல்லாவற்றையும் தின் செக்‌ஷன் போட்டு, சூடோடபெரினாவும் அதன் கூட்டாளிகளும் எந்த மட்டத்தில் இருக்கின்றன என்று பார்ப்பேன். நானோவுக்கு ஓரிரண்டு களிமண் அடுக்குகள் கிடைத்தால் மட்டும் முயல்வேன். கெட்டிக் கல்லில் அதற்கு நேரம் செலவிட மாட்டேன். மிதவை ஃபோராமில் அங்கே எனக்கு நம்பிக்கை குறைவு, கடல் அவ்வளவு ஆழமற்றது. ஸ்ட்ரான்சியத்துக்குக் காலம் பொருத்தமாகவே இருக்கிறது, வரைகோடு செங்குத்தாக ஏறும் பகுதி அது. ஆனால் நிலத்தடி நீர் தொடர்ந்து ஓடும் கல் என்பதால் மொத்தப் பொடியைத் தொடவே மாட்டேன். கெட்டுப்போகாத தடித்த சிப்பி ஓடு கிடைத்தால் அனுப்புவேன். கிடைக்காவிட்டால் அந்தப் பணத்தில் இன்னும் தின் செக்‌ஷன் போடுவேன்.

வேறு தீவென்றால் தேர்வும் வேறாகும். வெள்ளையான, நகத்தில் கீறினால் தூள் உதிரும் கல்லென்றால் நானோவில் தொடங்கி, மிதவை ஃபோராமில் சரிபாருங்கள். கல் முழுக்க டோலமைட் என்றால், கரையாமல் நிழலாகத் தெரியும் பெரிய ஃபோராம்களின் வடிவத்தைத் தேடுவதுதான் மிஞ்சும். அதற்குப் பழகின கண் வேண்டும், அப்படிப்பட்ட ஒருவரிடம் ஸ்லைடுகளைக் கொண்டுபோய்க் காட்டத் தயங்காதீர்கள். மயோசீனின் பிற்பகுதிக் கெட்டிக் கல் என்றால் எதிலும் பெரிய துல்லியத்தை எதிர்பார்க்காமல், பெரிய ஃபோராம் தரும் அகலமான வரம்பையே நேர்மையாக எழுதுங்கள். '1.1 கோடி முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்குள்' என்று எழுதுவது, பின்னம் போட்ட ஆனால் எதை அளந்தது என்று தெரியாத எண்ணைவிட அடுத்தவருக்கு உதவும்.

மாதிரி எடுக்கும்போதே ஒவ்வொரு கல்லிலும் மேல்புறம் எது என்று அம்புக்குறி போட்டு, எடுத்த மட்டத்தை மீட்டரில் எழுதிவிடுங்கள். அறுத்த பிறகு மீதிப் பாதியை எறியாமல் எண்ணிட்டுப் பெட்டியில் வையுங்கள். ஐசோடோப்புக்கான சிப்பி ஓடு பெரும்பாலும் அந்த மீதிப் பாதியில்தான் அகப்படும்.